அசல் பாகமா, வெளிப் பாகமா?

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்துக்கு மாணவர்கள் வீட்டிலிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். ஓடாத கடிகாரம், பாட மறுக்கும் ரேடியோ, ஒரு முறை ஆட்டுக்கல்லின் உடைந்த துண்டு கூட வந்தது. சென்ற ஆண்டு முதலாமாண்டு மாணவன் ஒருவன் செய்தித்தாளில் சுற்றி இரண்டு பெரிய சுருள்வில்களைக் கொண்டுவந்தான். கூடவே, கிரீஸ் படிந்த துணியில் முடிந்த ஒரு சிறு இரும்புத் துண்டு.

அவனுக்கு ஊர் செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரம். அவன் தந்தை அங்கே ஒரு தகரக் கொட்டகையில் கார், வேன் பழுதுபார்ப்பவர். “சார், இந்த ரெண்டு ஸ்பிரிங்கும் ஒண்ணுதானான்னு அளந்து சொல்ல முடியுமா?” என்று கேட்டான். அளப்பதற்கு என்ன, திருகு அளவி இருக்கிறது, அளந்துவிடலாம். ஆனால் ஏன் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒரு பழைய வேன். அதன் முன்பக்கத் தாங்கமைப்பு, அதாவது மெக்கானிக்குகள் ‘சஸ்பென்ஷன்’ என்று சொல்லும் பகுதி, தேய்ந்துபோயிருந்தது. மாணவனின் தந்தை வேண்டிய பாகங்களை எழுதிக் கொடுத்தார். வேன்காரரோ வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வரும் பாகம் விலை அதிகம் என்று, வெளியூர்க் கடையொன்றில் தாமே வேறு பாகங்களை வாங்கிவந்து கொடுத்தார். இவரும் மாட்டிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வேகத்தடை ஒன்றின் மேல் மெல்ல ஏறியபோது இடது முன்சக்கரம் விரிந்து படுத்துக்கொண்டது. ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வேன்காரர் கொட்டகைக்கு வந்து நாலு பேர் முன்னால், “நீ மாட்டினதுதானே?” என்று கேட்டாராம். “அப்பா அன்னையிலேருந்து சரியாப் பேசறதில்ல சார். தப்பு அவரு மேலயா?” என்றான் பையன்.

துணி முடிச்சிலிருந்த இரும்புத் துண்டுதான் அந்தச் சக்கரத்தை விட்டுக் கழன்றுவந்த பந்து மூட்டு, ‘பால் ஜாயின்ட்’. சுருள்வில்களில் ஒன்று வண்டியோடு பிறந்தது. மற்றது கடையில் வாங்கியது. மூன்றையும் மேசைமேல் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாலை நேரங்களை நாங்கள் செலவிட்டோம். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

முதலில் சுருள்வில். வில்லை எவ்வளவு விசையால் இழுக்கிறோமோ அந்த அளவுக்கு அது நீள்கிறது என்ற விதியை ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் அறிவீர்கள். இராபர்ட் ஹூக் இதைக் கண்டவர். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதே என்று 1676-இல் ஓர் எழுத்துப் புதிராக, எழுத்துகளை அகரவரிசையில் கலைத்து அச்சிட்டுவிட்டு, 1678-இல்தான் அதை அவிழ்த்துக் காட்டினார். ஒரு வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதே அந்த வில்லின் மாறிலி. அதன் விறைப்பு என்றும் சொல்லலாம்.

சுருள்வில் அமுங்கும்போது அதன் கம்பி என்ன செய்கிறது? வளைகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் கம்பி முறுக்கப்படுகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது துணி முறுக்கிக்கொள்வதைப் போல, ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தன் அச்சைப் பற்றித் திருகிக்கொள்கிறது. நம் நாட்டுச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசிடர் காரின் முன்பக்கத்தில் சுருள்வில்லே கிடையாது. நீளமான எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு வில்லின் வேலையைச் செய்தது. சுருள்வில் என்பது அப்படிப்பட்ட முறுக்குத் தண்டைச் சுருட்டி வைத்ததுதான். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது; ஆனால் முறுக்குத் தண்டின் கணக்கு இன்றும் எல்லாச் சுருள்வில்லுக்கும் பொருந்துகிறது.

அந்தக் கணக்குப்படி வில்லின் விறைப்பு மூன்றைப் பொறுத்தது: கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. சுற்று கூடினால் விறைப்பு குறையும். சுருள் அகன்றால் அதன் மூன்றாம் படிக்கேற்பக் குறையும். கம்பி தடித்தால்? கம்பி விட்டத்தின் நான்காம் படிக்கேற்பக் கூடும். இந்த ‘நான்காம் படி’யைக் கவனித்துக்கொள்ளுங்கள், கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கம்பியின் மேல் பூசியிருந்த வண்ணத்தை ஓரிடத்தில் சுரண்டிவிட்டு அளந்தோம். சுரண்டாமல் அளந்தால் வண்ணத்தின் தடிமனையும் எஃகோடு சேர்த்துக் கணக்கிட்டுவிடுவோம். வண்டியோடு வந்த வில்லின் கம்பி 12 மி.மீ. கடையில் வாங்கியது 11.4 மி.மீ. சுருளின் விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 120 மி.மீ.; வேலை செய்யும் சுற்றுகள் ஆறு. பையன் சிரித்துவிட்டான். “அரை மில்லிதான் சார் வித்தியாசம்!” என்றான். அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், நூற்றுக்கு ஐந்து. ஆனால் 0.95-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். 0.81 வரும். ஐந்து விழுக்காடு மெலிந்த கம்பி, விறைப்பில் பதினெட்டு விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிட்டது.

எஃகின் விறைப்புக் குணகத்தைப் போட்டுக் கணக்கிட்டால் முதல் வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்கச் சுமார் 19.7 நியூட்டன் வேண்டும்; இரண்டாவதற்கு 16.1 போதும். ஒரு சக்கரத்தின் வில் 300 கி.கி. எடையைத் தாங்குவதாக எளிமைக்காக வைத்துக்கொள்வோம். அதாவது 2,940 நியூட்டன். முதல் வில் 14.9 செ.மீ. அமுங்கும், இரண்டாவது 18.3 செ.மீ. வண்டியின் முகம் மூன்று செ.மீ.க்கு மேல் தாழ்ந்துவிடும்.

அப்படியானால் வேன்காரர் பார்த்தவுடனே கண்டுபிடித்திருக்க வேண்டாமா? அங்கேதான் செய்தவர்களின் சாமர்த்தியம். அந்த வில்லைச் சுமையில்லாத நிலையில் அளந்தால் அசலைவிட மூன்று செ.மீ. அதிக நீளம் இருந்தது! மெலிந்த கம்பியால் இறங்க வேண்டிய உயரத்தை முன்கூட்டியே நீளத்தில் கூட்டிவைத்துவிட்டார்கள். வண்டி நிற்கும்போது உயரம் சரியாகவே தெரியும். குழியில் இறங்கும்போதுதான் வித்தியாசம்.

இன்னொரு கணக்கு. வில்லின் மேல் நிற்கும் பொருள் ஒரு வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. சுமையால் வில் எத்தனை செ.மீ. அமுங்கியது என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் போதும். 14.9-க்கு இது ஏறத்தாழ 1.3, 18.3-க்கு 1.17. வீட்டிலேயே ஒரு வில்லில் எடைக் கல்லைத் தொங்கவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து சரிபார்க்கலாம். பொதுவாகக் கார்களை வினாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை அலைவு வரும்படி அமைக்கிறார்கள். நாம் நடக்கும்போது உடல் ஏறி இறங்கும் வேகத்துக்கு அது அருகில் இருப்பதால் உறுத்துவதில்லை. வினாடிக்கு 4 முதல் 8 வரை மேலும் கீழும் குலுக்கினால்தான் நம் வயிறும் முதுகும் மிகவும் துன்பப்படும். ஆக, புதிய வில்லில் பயணம் மென்மையாகவே இருந்திருக்கும். “இப்பத்தான் வண்டி நல்லா மெத்துனு போகுது” என்று வேன்காரர் சொன்னாராம்! மென்மையை வைத்து மட்டும் பாகத்தின் தரத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஏனென்றால், மெலிந்த கம்பிக்குள் தகைவு அதிகம். அதே சுமைக்குக் கம்பியிலுள்ள தகைவு, விட்டத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். நம் வில்லில் அது 17 விழுக்காடு கூடுகிறது. ஒரே ஒரு முறை அமுக்குவதானால் இது பொருட்டே அல்ல. வண்டி வில் ஒரு முறையா அமுங்குகிறது? மோசமான சாலையில் வினாடிக்கு 1.3 முறை என்றால் மணிக்கு 4,600-க்கு மேல். இருநூறு மணி நேரத்தில் ஒன்பது இலட்சத்தைத் தாண்டிவிடும்.

உலோகமும் களைப்படையும் என்பதை மனிதகுலம் கசப்பான முறையில் கற்றது. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் மோதித் தீப்பற்றி, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதுவரை எத்தனையோ நாள் அதே சுமையை அந்த அச்சு தாங்கியிருந்தது! பின்னர் ஜெர்மானிய இரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், 1850-களிலும் 1860-களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமைக்குட்படுத்தி ஆராய்ந்து, முறிவைத் தீர்மானிப்பது சுமையின் பெருமம் மட்டுமல்ல, அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதும்தான் என்று நிறுவினார். தகைவு சற்றே கூடினாலும் ஆயுள் வெகுவாகக் குறையும். எடுத்துக்காட்டாக, தகைவின் எட்டாம் படிக்கேற்ப ஆயுள் குறைவதாகக் கொண்டால், 17 விழுக்காடு கூடுதல் தகைவு ஆயுளை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. நல்ல வில்லைச் செய்து முடித்ததும் அதன் மேல் சிறு எஃகு மணிகளை மழைபோல் வேகமாக வீசி அடிப்பார்கள். கொல்லர் சுத்தியால் தட்டித் தட்டி இறுக்குவது போன்ற வேலைதான். இதனால் கம்பியின் மேற்பரப்பு அமுங்கிய நிலையில் இருக்கும்; விரிசல் வாய் திறக்க முடியாது. களைப்பு விரிசல்கள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்குகின்றன. இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டுக் கறுப்பு வண்ணம் அடித்துவிட்டால் கடையில் நிற்கும் யாராலும் வேறுபாடு சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது.

இப்போது ‘ஷாக் அப்சார்பர்’ என்னும் அதிர்வேற்பி. பெயர் சற்றே ஏமாற்றும். குழியின் அதிர்ச்சியை முதலில் வாங்குவது வில்தான். அதிர்வேற்பியின் வேலை, வில் ஆடிக்கொண்டே இராமல் அலைவைத் தணிப்பது. ஓர் உருளைக்குள் எண்ணெய். அதில் சிறு துளைகளும் வால்வுகளும் கொண்ட உந்துதண்டு. எண்ணெய் துளை வழியே பிதுங்கும்போது அலைவின் ஆற்றல் வெப்பமாகிறது. மோசமான சாலையில் ஓடிவந்த வண்டியின் அதிர்வேற்பிகளைத் தொட்டுப் பார்த்து, மூன்று சூடாகவும் ஒன்று குளிர்ச்சியாகவும் இருந்தால் அந்த ஒன்று வேலை செய்யவில்லை என்று பழைய மெக்கானிக்குகள் சொல்லிவிடுவார்கள். ஆற்றல் அழிவின்மை விதியைப் படிக்காமலே பயன்படுத்துகிறார்கள்.

நல்ல நிலையிலுள்ள அதிர்வேற்பி, ஒவ்வோர் அலைவிலும் வீச்சை ஏறத்தாழ ஏழில் ஒன்றாகக் குறைத்துவிடும். வண்டியின் முனையைக் கையால் அமுக்கிவிட்டால் ஒரு முறை எழுந்து அமர்ந்துவிடும். தணிப்பு மூன்றிலொரு பங்காகத் தேய்ந்துவிட்டால் ஒவ்வோர் அலைவிலும் பாதிதான் குறையும். மூன்று நான்கு முறை தலையாட்டும். இதனால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். சக்கரமும் அதன் அச்சும் வில்லுக்குக் கீழே தனியாக, வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் துள்ளும் இயல்புடையவை. துள்ளும் சக்கரம் தரையை அழுத்தும் விசை ஏறி இறங்கும். உராய்வு விசை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? சக்கரம் தரையை அழுத்தாத கணத்தில் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. தரம் குறைந்த அதிர்வேற்பியில் எண்ணெய் அடைப்பு விரைவில் கசியும். உந்துதண்டின் குரோமியப் பூச்சு மெலிதாக இருந்தால் துருப்புள்ளி விழும். அந்தப் புள்ளியே அரம்போல் அடைப்பை அறுக்கும்.

ரப்பர் ‘புஷ்’களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புக் கைகள் உடலோடு சேரும் இடங்களில் இவை மெத்தையாக நிற்கின்றன. நல்ல ரப்பரில் கந்தகமும் கார்பன் கறுப்பும் அளவாகச் சேர்ந்திருக்கும். மலிவானதில் எடையைக் கூட்டச் சுண்ணாம்புத் தூளையும் களிமண்ணையும் அளவுக்கு மீறிச் சேர்ப்பார்கள். அழுத்திப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். இழுத்து முறுக்கும் வேலையில் பிய்ந்துவிடும்.

இனி, துணி முடிச்சிலிருந்த பந்து மூட்டு. நம் தோள்பட்டையில் இருப்பது போன்ற மூட்டுதான். கிண்ணத்துக்குள் ஒரு பந்து. சக்கரம் திரும்பவும் வேண்டும், ஏறி இறங்கவும் வேண்டும், ஆனால் வண்டியை விட்டுப் போய்விடக் கூடாது. இந்த மூன்றையும் அந்தச் சிறு பந்து பார்த்துக்கொள்கிறது. கிண்ணத்தின் வாயை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும், உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் செம்மண் புழுதியும் மழைநீரும் உள்ளே போகும். மணலிலுள்ள குவார்ட்சின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7; சாதாரணக் கத்தி எஃகைவிடக் கடினமானது. பிறகு ஒவ்வொரு திருப்பமும் ஓர் அரைப்புதான். இடைவெளி கூடிக் கூடி, ஒரு நாள் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

எங்கள் மேசையில் இருந்த மூட்டில் அதுவே நடந்திருந்தது. பந்தில் கோடுகள், கிண்ணத்தில் துரு, உறை கிழிந்திருந்தது. இப்போது முக்கியமான கேள்வி: அந்த உறை எப்படிக் கிழிந்தது? மாட்டும்போது மெக்கானிக்கின் திருப்புளி பட்டுக் கிழிந்திருந்தால் பொறுப்பு அவருடையது. பையனும் அதைத்தான் மனத்துக்குள் அஞ்சியிருந்தான் என்று நினைக்கிறேன்; உறையை மேசையில் வைத்தவன் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நகரும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தோம். கருவியால் வெட்டுப்பட்ட ரப்பரின் விளிம்பு வழுவழுப்பாக, ஒற்றைக் கோடாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. கிழிசலுக்கு இருபுறமும், ரப்பர் இழுபட்டு நின்ற திசைக்குக் குறுக்காக, நூற்றுக்கணக்கான மெல்லிய வெடிப்புகள். காற்றில் மிகச் சிறிதளவு உள்ள ஓசோன், இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரைத் தாக்கினால் இப்படித்தான் குறுக்கு வெடிப்பு விழும். நல்ல உறைகளை ஓசோனுக்கு எளிதில் மசியாத செயற்கை ரப்பரில் செய்வார்கள், அல்லது காப்புப் பொருள் சேர்ப்பார்கள். அது இல்லாத உறை, வெயிலில் நிற்கும் வண்டியில் ஒரு கோடையைத் தாண்டாது. பையனையே பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “வெட்டு இல்ல சார்” என்று மட்டும் சொன்னான்.

ஆனால் அவனிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பந்து மூட்டு சொல்லாமல் கொள்ளாமல் கழல்வது அரிது. பல நாள்களாக ‘கடக் கடக்’ என்று சத்தம் கொடுத்திருக்கும். ஓட்டுநர் கேட்டிருப்பார். இடையில் ஒரு முறை பிரேக் வேலைக்காக அதே வண்டி கொட்டகைக்கு வந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஆட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதை அவர் செய்யவில்லை. அந்தப் பங்கை அவன் தந்தை மறுக்கவில்லை என்று பின்னால் அறிந்தேன்.

இனிக் கடைக்குப் போவோம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலானாலும் சிற்றூர்க் கடையிலானாலும் ‘ஒரிஜினல்’, ‘லோக்கல்’ என்று இரண்டு சொற்கள்தான் காதில் விழும். உண்மையில் வகைகள் அதற்கு மேல். கார்க் கம்பெனி தன் பெயரிட்ட பெட்டியில் விற்பது ஒன்று. ஆனால் கார்க் கம்பெனிகள் பெரும்பாலான பாகங்களைத் தாமே செய்வதில்லை. 1960-களின் தொடக்கத்திலேயே சென்னைப் பாடியில் பிரேக், சக்கரம், மின்கருவி ஆகியவற்றுக்கான தொழிற்சாலைகள் எழுந்தன. ராணே நிறுவனம் திருப்பு அமைப்பின் மூட்டுகளையும், கேப்ரியல் நிறுவனம் அதிர்வேற்பிகளையும் அந்தக் காலத்திலிருந்தே செய்துவருகின்றன. இப்படிக் கார்க் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரே தம் சொந்தப் பெயரில் சந்தையிலும் விற்பது இரண்டாம் வகை. பெரும்பாலும் தரம் ஏறத்தாழ ஒன்றே, விலை குறைவு. கார்க் கம்பெனியோடு தொடர்பில்லாமல், தம் பெயரையும் முகவரியையும் போட்டுப் பொறுப்பேற்று விற்பவர் மூன்றாம் வகை. இவர்களில் நல்லவர்களும் உண்டு, சுமாரானவர்களும் உண்டு. பெயரே இல்லாத பெட்டி நான்காவது. புகழ்பெற்ற பெயரைத் திருடி அச்சிட்ட போலி ஐந்தாவது. இந்த ஐந்தாவதுதான் மிக மோசம். ஏனெனில் அசலின் விலைக்கு அருகில் கொடுத்தும் ஏமாறுகிறோம். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி போலிச் சின்னமிட்டு விற்பது ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கார்க் கம்பெனிப் பெட்டியை மட்டுமே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2011-இல் தொடங்கிய ஒரு புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி தடுத்ததும், பாகம் செய்பவர்கள் நேரடியாகச் சந்தையில் விற்கவிடாமல் கட்டுப்படுத்தியதும் அதற்குக் காரணங்கள். அதன் மேல் மேல்முறையீடுகள் நடந்தன என்பது வேறு கதை. பெட்டியின் மேலுள்ள விலையில் எஃகும் ரப்பரும் மட்டும் இல்லை என்பதை நாம் தெரிந்துகொண்டால் போதும். அசல் எளிதில் கிடைக்காத ஊரில் போலிக்குத்தான் கொண்டாட்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. அசல் பாகம் 2,400 ரூபாய், 60,000 கிலோமீட்டர் உழைக்கும். மலிவானது 900 ரூபாய், 15,000 கிலோமீட்டர். மாட்டக் கூலி ஒவ்வொரு முறையும் 500. அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு அசலுக்கு 2,900. மலிவானதற்கு நான்கு முறை 1,400, ஆக 5,600. சந்தேகமின்றி அசலே இலாபம். ஆனால் வண்டியே இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடப்போகிறது, அதற்குள் விற்றுவிடுவோம் என்றால்? அப்போது 2,900-க்கு எதிரே 1,400. மலிவானதைத் தேர்ந்தவரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

இந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு: பாகம் கெட்டால் எப்படிக் கெடும்? குலுக்கலைச் சமன்செய்யும் ‘லிங்க் ராடு’ தேய்ந்தால் சத்தம் போடும். வளைவில் வண்டி சற்று அதிகம் சாயும். அவ்வளவே. புஷ் பிய்ந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், வண்டி இழுக்கும். அதிர்வேற்பி படிப்படியாகக் கெடும். ஆனால் பிரேக் பிடிக்கும் தொலைவைத் திருடிக்கொண்டே கெடும். வில் முறிந்தால் டயரைக் கிழிக்கலாம். பந்து மூட்டு கழன்றால் சக்கரமே நம் வசத்தில் இல்லை. கெடும் விதம் இப்படி வேறுபடுகிற பாகங்களுக்கு ஒரே விதியா? லிங்க் ராடில் மூன்றாம் வகையைச் சோதித்துப் பார்க்கலாம். பந்து மூட்டில் முதல் இரண்டு வகைக்குக் கீழே இறங்குவதை நான் ஒப்பமாட்டேன், வண்டி நாளையே விற்கப்படுவதாக இருந்தாலும். வாங்குகிறவரும் அதில்தானே ஏறப்போகிறார்?

அசலை வாங்கியும் கெடுக்கலாம். சக்கரங்கள் தொங்கும்படி வண்டியைத் தூக்கி வைத்துப் புஷ்ஷின் போல்ட்டை முழுதாக முடுக்கிவிடுவது கொட்டகைகளில் சாதாரணம். தொங்கும் நிலையில் இரும்புக் கை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ரப்பர் அந்தக் கோணத்தில் இறுகிவிடும். வண்டியை இறக்கியதும் கை மேலே வரும். ரப்பர், வண்டி சும்மா நிற்கும்போதுகூட முறுக்கிக்கொண்டே இருக்கும். நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நிலைதான். அந்தப் புஷ் சில மாதங்களில் கிழியும். “ஒரிஜினலும் ஒண்ணுதான், லோக்கலும் ஒண்ணுதான்” என்ற பேச்சு ஊரில் பரவும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். வில்லையும் அதிர்வேற்பியையும் இடம், வலம் இரண்டிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி கோணும்.

கடையில் சோதிக்க உங்கள் ஆய்வகக் கருவிகளே ஓரளவு உதவும். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச்சென்று, எடை, கம்பித் தடிமன், சுமையில்லா நீளம், சுற்று எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிடலாம். அதிர்வேற்பியை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுக்கலாம். இழுக்கும்போது தடை அதிகமாகவும், எங்கும் வெற்றிடம் தட்டாமல் சீராகவும் இருக்க வேண்டும். பெட்டியில் செய்தவர் முகவரியும் தொகுதி எண்ணும் உண்டா என்று பார்க்கலாம். கட்டாயம் பில் கேட்கலாம். எஃகின் சேர்மானத்தையும் ரப்பரின் ஆயுளையும் எந்தத் திருகு அளவியும் காட்டாது. அதற்குத்தான் பெயர் போட்டுப் பொறுப்பேற்பவரின் பெட்டி தேவைப்படுகிறது.

அந்த மாணவன் அளவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நுண்ணோக்கியில் பார்த்ததைப் படமும் வரைந்து எடுத்துச்சென்றான். சில மாதங்கள் கழித்துத் திருவண்ணாமலை போகும் வழியில் நான் அனந்தபுரத்துக்குத் திரும்பி அந்தக் கொட்டகைக்குப் போனேன். தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதன் கீழே ஒரு நோட்டுப் புத்தகம். எந்த வண்டிக்கு எந்தப் பாகம், வாங்கிவந்தது யார் என்று எழுதி, வண்டிக்காரர்களின் கையெழுத்து. “பிள்ளைங்க ஏறுற வண்டின்னா மூட்டு விஷயத்துல நான் கண்டிஷன் போட்டுடறேங்க ஐயா. சம்மதம் இல்லன்னா வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன்,” என்றார் அவர். அதனால் இரண்டு வண்டிகள் கைவிட்டுப் போய்விட்டனவாம்.

அந்தப் பழைய வேன் அன்று அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. வலது பக்க வேலை. வேன்காரர் விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கணக்குப் பார்த்தார். பிறகு, “பால் ஜாயின்ட்டு கம்பெனிதே போட்டுடுப்பா. லிங்க் ராடு மட்டும் வெளியில வாங்கிக்கலாம்,” என்றார்.